ஊதாத பாண்டு

நாளைக் காலை கணக்குப் பரீட்சை. போன வருஷம் பன்னிரண்டாம் வகுப்பில் பிராஜக்தா கோட்டை விட்டது அதில்தான். இந்தத் தடவையும் போனால் புத்தகத்தை மூட்டை கட்டிவிட்டு இறால் உரிக்க உட்கார வேண்டியதுதான் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

பார்த்துப் பார்த்து இன்றைக்குத்தானா பக்கத்து வீட்டு ஹிராபாய் தன் மகனுக்கு மஞ்சள் பூச நாள் குறிக்க வேண்டும்? மும்பை மீனவர் குடியிருப்பான கோலிவாடாவில் தாலி கட்டியதைக்கூட மறந்துபோவார்கள், மஞ்சள் பூசிய மாலையின் பாண்டு சத்தத்தை மறக்கமாட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதிலும் ஹிராபாய் சந்தையில் மீன் விலை சொன்னால் கடலில் படகோட்டுகிறவனுக்குக் கேட்கும். "பாட்டை மெதுவா வைக்கச் சொல்லுங்க மாவுஷி, எனக்குப் பரீட்சை" என்று போன வாரம் பிராஜக்தா சித்தி முறை சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள்.

"எம் பையனுக்கு ஒரு தடவதாண்டி கல்யாணம். ஒனக்குத்தான் வருஷா வருஷம் பரீட்சை" என்று தெருவையே சிரிக்க வைத்தாள் ஹிராபாய்.

ஆகவே காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்கு வைத்த பிறகும் ஒன்றும் கேட்கவில்லை. பஞ்சு இவ்வளவு நன்றாகவா அடைக்கும் என்று எடுத்துப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

மீனவர் தெருவில் கல்யாண வீடு வாயடைத்துப் போனால் காரணம் ஒன்றுதான்: படகு திரும்பவில்லை. மாப்பிள்ளை பாவேஷ், யார் தடுத்தும் கேட்காமல், விருந்துக்கு வாவல் மீன் பிடித்து வருகிறேன் என்று விடியலில் கிளம்பியதை அவளே பார்த்தாள். இந்தத் தெரு கடைசியாக இப்படி அடங்கியது போன வருஷம், பரீட்சைக்கு முந்தின வாரம், அவள் அப்பாவைக் கடல் கொண்டுபோன அன்று. செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினாள்.

ஓடியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தெருவில் எள் விழ இடமில்லை. பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், பாட்டு உதட்டில் மட்டும் ஓடியது. வளையல் குலுங்காமல் இருக்கக் கையில் துணி சுற்றியிருந்தார்கள். பாண்டுக்காரர்கள் குழலை மடியில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டித் தாளம் காட்டினார்கள். நடுவில் உச்சி முதல் பாதம் வரை மஞ்சளாக பாவேஷ், உயிரோடு, இளித்துக்கொண்டு.

"இது கல்யாண வீடா, எழவு வீடா?" என்று கிசுகிசுத்தார் வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவர்.

ஹிராபாய் அவர் வாயில் ஒரு லட்டைத் திணித்தாள். பிறகுதான் பிராஜக்தாவைக் கண்டாள்.

"எதுக்குடி வெளிய வந்த?" அந்தத் தொண்டையிலிருந்து இவ்வளவு சின்னக் குரல் வரும் என்று யாருக்கும் தெரியாது.

"பாவேஷ் அண்ணனுக்கு... படகுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு..." அதற்குமேல் முடியாமல் பிராஜக்தா அழுதுவிட்டாள்.

"ஒங்கப்பன் போன அன்னிக்கு இந்தத் தெரு பாடல. அவன் மக கரையேறணும்னா இன்னிக்கும் பாட வேணாம். மூக்கச் சிந்தி நேரத்தப் போக்காத. உள்ள போய்ப் படி."

மறுநாள் பரீட்சை முடிந்து அவள் தெருமுனையில் திரும்பியதுதான் தாமதம், முந்தின நாள் அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்து ஊதினார்கள் பாண்டுக்காரர்கள். அவள் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"எப்பிடிடி எழுதுன?" என்று ஓடிவந்தாள் ஹிராபாய்.

"எல்லாக் கணக்கும் போட்டுட்டேன் மாவுஷி."

"என்னது?"

"போட்டுட்டேன்."

"ஒண்ணும் காதுல விழல. சத்தமாச் சொல்லு."

பிராஜக்தா கத்தினாள். கடலில் படகோட்டுகிறவனுக்கும் கேட்டிருக்கும்.