இரண்டாவது போத்தல்

"உமக்குக் கேக்கிறதுக்கு ஒண்டுமே இல்லையோ?"

முதல் வகுப்பன்று சத்தியபாமா இப்படிக் கேட்டபோது கலாராணி தலையை ஆட்டிவைத்தாள். கேட்பதற்கு அவளிடம் நிறைய இருந்தது, எல்லாம் கொப்பியில். தெல்தோட்டையில் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நாளிலிருந்து, யாரிடமும் கேட்காத கேள்விகளால் ஐந்து கொப்பிகளை நிரப்பி உடுப்புகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

இப்போது கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை. சனிக்கிழமை அரை நாள் லீவில் பஸ் ஏறிப் பேராதனைக்குப் போய்க் கறுப்பு வெள்ளைப் படம் கழுவப் பழகினாள். விளம்பரத்தில் 'இருட்டறை' என்று போட்டிருந்ததுதான் அவளை இழுத்தது. அங்கே யாரும் தன் முகத்தைப் பார்க்கமாட்டார்கள்.

"இருட்டுல வெக்கம் தெரியாது, பேசுங்க புள்ள," என்பார் வகுப்பு நடத்தும் அக்குறணை நபீல் சேர். மற்ற நாலைந்து பேரும் சிரித்துப் பேசினார்கள். அவள் பேசவில்லை.

சத்தியபாமா யாழ்ப்பாணத்துக்காரி, பல்கலைக்கழகத்தில் படிப்பவள். கமரா அவளுடையது. இருவரும் ஒரே ஃபிலிமைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். முன்பாதியில் சத்தியபாமாவின் அப்பா. வைத்தியத்துக்காகப் பேராதனை ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தவர். போனில் படம் எடுக்க விடாத மனுஷன், கமராவைக் கண்டதும் சட்டைப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாராம். அடுத்த கிழமை இறந்துபோனார். பின்பாதியில் கலாராணி எடுத்தவை: தோட்டத்து லயத்தில் தண்ணீர் கொட்டும் பீலி, பஸ் கண்ணாடியில் மழை. சத்தியபாமா எடுத்த கடைசிப் படத்தில் கலாராணியே நின்றாள்.

"இது உமக்கு. அச்சடிச்சுத் தாறன்," என்று சொல்லியிருந்தாள் சத்தியபாமா. கலாராணிக்கென்று இருந்த ஒரே படம் அடையாள அட்டையில்தான்.

ஃபிலிம் கழுவச் சொல்லித்தந்த சனிக்கிழமை கடையில் பண்டிகை வியாபாரம், கலாராணியால் போக முடியவில்லை. அடுத்த கிழமை, "போன வகுப்புல சொன்னது தெரியும்தானே?" என்று சேர் கேட்டார். அதற்கும் தலையை ஆட்டினாள்.

அன்று சத்தியபாமா ஃபிலிமை இருட்டில் சுற்றிக் கறுப்பு டப்பாவுக்குள் அடைத்து, ஜன்னலோர மேசைக்குக் கொண்டுவந்து முதல் மருந்தை ஊற்றி, மணிக்கூட்டில் நேரம் வைத்தாள். அப்போது அவளுடைய போன் அடித்தது. அம்மா. அப்பாவின் அந்தியேட்டிச் சடங்குக்கு நாள் கிட்டியிருந்தது.

"நிமிசத்துக்கு ஒருக்கா ஆட்டும். மணி அடிச்சதும் மருந்தை வெளியில ஊத்திப்போட்டுக் கழுவும். கழுவி முடிஞ்சதும் மூடியைத் திறக்கலாம். நான் இந்தா வாறன்."

சத்தியபாமா வெளி விறாந்தைக்குப் போனாள். மணி அடித்தது. கலாராணி முதல் மருந்தை வெளியே ஊற்றினாள். மேசையில் இன்னொரு போத்தல் நிறைய மருந்து இருந்தது. விறாந்தையில் சத்தியபாமா சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தாள். நபீல் சேர் சிவப்பு பல்பு எரியும் அறைக்குள், கதவு பூட்டியிருந்தது. தட்டினால் திறப்பார். கலாராணி கொப்பியை எடுத்து எழுதினாள்: 'இரண்டாவது போத்தல் எதற்கு?'

பிறகு பைப்பைத் திறந்து டப்பாவுக்குள் தண்ணீர் விட்டு, குலுக்கிக் கொட்டினாள். மூடியைத் திறந்தாள்.

ஃபிலிம் பால் நிறத்தில் இருந்தது. அதில் ஒரு மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பொத்தான்களைக்கூட எண்ணலாம் போலிருந்தது. அவள் ஜன்னல் வெயிலில் உயர்த்திப் பிடித்தாள். சட்டை கறுத்தது. முகம் கறுத்தது. பீலியும் மழையும் அவளும் கறுத்துக்கொண்டே போனார்கள்.

கதவைத் திறந்து வந்த நபீல் சேர் டப்பாவையும் நிறைந்திருந்த போத்தலையும் பார்த்தார். "ரெண்டாவது மருந்து ஊத்தலியா?"

"கழுவச் சொன்னாங்க சேர்."

"படம் கழுவுறதெண்டா ரெண்டு மருந்தும் சேர்த்துத்தான் புள்ள. ரெண்டாவது இல்லாட்டி வெளிச்சம் பட்டதும் எல்லாம் கறுத்துடும். வெறும் தண்ணியில கோப்பையத்தான் கழுவலாம்." சிரித்தபடி ஃபிலிமைக் கையில் வாங்கியவர், சிரிப்பை நிறுத்தினார். "இது யாருட ரோல்?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்த சத்தியபாமா அதை அவரிடமிருந்து வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, அவசரமில்லாமல் பார்த்தாள். எங்கும் ஒரே கறுப்பு.

"அக்கா," என்றாள் கலாராணி. "அப்பா படம் வேற எங்கயாச்சும் இருக்காக்கா?"

வகுப்பில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் கேள்வி அது.

சத்தியபாமா ஈர ஃபிலிமைச் சுருட்டி மேசையில், திறக்காத போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தாள். கமராவைப் பைக்குள் போட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.