சந்தேகத்துக்கு எண் கிடையாது

தன்னைப் பெற்ற அத்தாவின் கேஸ் கோப்பைக் கையில் பிடித்தபடி பஷீர் டாக்டரைத் தேடி மாடிப்படி ஏறினான். காலை ஏழு மணிக்கு வார்டில் அவருக்கு மூச்சு நின்றுபோனது. மய்யித்தை வீட்டுக்குக் கொண்டுபோக வண்டி வாசலில் நின்றது. கம்ப்யூட்டர் இன்னும் வராத அந்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் அவனுக்குப் பதினோரு வருஷ வேலை. டாக்டர் எழுதும் நோய்க்குப் புத்தகம் பார்த்து எண் போடுவான். அத்தாவின் கோப்பை வேறு யாரும் தொட அவன் விடவில்லை.

டாக்டர் வெங்கடபதி ‘நிமோனியா’ என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்கு 486. என்ன கிருமி என்று தெரியாததெல்லாம் அதில்தான் போய் விழும். ஆனால் சளி டெஸ்ட் ரிப்போர்ட் லேபிலிருந்து இப்போதுதான் வந்திருந்தது.

“சார், கிருமி பேரையும் எழுதிக் குடுத்துருங்க.”

“இன்னைக்குமா பஷீர்? மொதல்ல ஊட்டுக்குப் போங்க.”

“ரிப்போர்ட் வந்துருச்சுங்க சார்.”

டாக்டர் வாங்கிப் படித்தார். “கிளெப்சியெல்லா. பாக்டீரியா நிமோனியாதான்.” எழுதிக் கையெழுத்துப் போட்டார். பஷீர் நின்றபடியே 482.0 என்று குறித்தான்.

“டிபி இல்லீங்களா சார்?”

“மூணு தடவை பாத்தாச்சு, இல்லவே இல்லீங்க. யாரு சொன்னா?”

பஷீர் கோப்பை மூடிக் கட்டினான். சொன்னது அவன்தான்.

பத்து நாளுக்கு முன்னால் தெருமுனைக் கிளினிக்கில் அத்தாவுக்குக் கொடுத்த சீட்டில் ‘டிபி சந்தேகம்’ என்று இருந்தது. சந்தேகம் என்று எழுதிவரும் கோப்புக்கு அவன் எண் போடவே மாட்டான். “சந்தேகத்துக்கு எண் கிடையாதுங்க” என்று பெரிய பெரிய டாக்டர்களிடமே திருப்பி அனுப்புவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வீட்டிலோ அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டான். அத்தாவுக்குத் தனி அறை, தனித் தட்டு. வார்டில் சேர்த்த பிறகும் அம்மா கிட்டே போகக் கூடாது. நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷனுக்கு அவள் கஞ்சியை நிலைப்படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

வீட்டில் மய்யித்தைக் கூடத்தில் கிடத்தினார்கள். அம்மா உம்மல் குல்சும் உள்ளே வரவில்லை. மகன் சொல்லிக்கொடுத்தபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றாள்.

“அம்மா, உள்ள வாங்க.”

“நீதானே கண்ணு வேண்டாம்னே?”

“அது டிபி இல்லீங்கம்மா. நான் தப்பாச் சொல்லிப்போட்டேன்.”

திட்டுவாள், அறைவாள் என்று காத்திருந்தான். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப, இந்தப் பத்து நாளும் நான் கிட்டப் போயிருக்கலாமா?”

பஷீர் ஆமாமென்று தலையாட்டினான்.

அவள் வந்து கால்மாட்டில் உட்கார்ந்தாள். போர்வையை விலக்கி, இரண்டு பாதங்களையும் மடியில் எடுத்து வைத்து, மெல்லப் பிடித்துவிடத் தொடங்கினாள். குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்தவர்கள் குடங்களை இறக்கி வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்கள்.