நெட்டையனை எங்கிருந்து தொடங்குவது

எங்கள் லைன் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் படம் பார்க்க வீடியோ டெக் எடுப்போம். ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கேசட் கடை வைத்திருந்த சென்னகிருஷ்ணனிடமிருந்து கலர் டிவியும் டெக்கும் வாடகைக்கு வரும். கெம்பம்மா வீட்டு முன்னறைதான் கொஞ்சம் அகலம் என்பதால் அங்கே வைப்போம். காலையில் ஒரு தமிழ்ப்படம், அது முடிந்ததும் ஒரு கன்னடப்படம். மத்தியானம் களியும் குழம்பும் தின்றுவிட்டு எல்லோரும் கண் சொருகி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இங்கிலீஷ் படம். இங்கிலீஷ் படம் என்றால் எங்களுக்கு ஒரே ஆள்தான். தொப்பி வைத்துக்கொண்டு குதிரை மேல் வருவானே, அந்த நெட்டையன். அவனுக்கு நிஜப் பெயர் ஒன்று இருந்தது. அது எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை.

நெட்டையன் படத்துக்குக் கதை சொல்கிறவர் என் வீட்டுக்காரர் திம்மப்பன். டிவிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு உட்காருவார். தன் குரல் கேட்க வேண்டுமே என்று டிவி சத்தத்தை அவரே குறைத்துவிடுவார். நெட்டையன் ஒரு வார்த்தை பேசினால் இவர் பத்து வார்த்தை சொல்வார். கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூர் கண்டோன்மென்டில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர், அதனால் இங்கிலீஷ் வரும் என்று நாங்கள் நினைத்தோம். அவரும் வராது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

நான் அஞ்செட்டிக்கு மேலே ஒரு காட்டு ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். சினிமா என்ற ஒன்றை ஓசூருக்கு வந்துதான் பார்த்தேன். வந்த புதிதில் எனக்கு இந்த ஊரே பிடிக்கவில்லை. எந்நேரமும் கம்பெனிச் சங்கு, லாரி, இரும்பு வாசனை. நெட்டையன் படம் ஓடும்போது மட்டும் அந்த வாசனை எனக்கு வராது. அவன் ஊரும் எங்கள் பக்கம் மாதிரியே பாறையும் முள்ளுமாக இருக்கும். அங்கேயும் ஆற்றங்கரையில் மாடு மேயும். அங்கேயும் மழை பொய்த்துவிடும், ராகி கருகிவிடும், பொம்பளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். இதெல்லாம் அவர் சொன்ன கதைகளில் வரும். நான் நம்பினேன். ராத்திரி தூங்கினால் நெட்டையனுடைய குதிரை எங்கள் ஊர் ஓடையில் இறங்கித் தண்ணீர் குடிக்கும். விடிந்து எழுந்து வேலைக்குப் போகும்போதும் அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி காலில் இருக்கிற மாதிரியே இருக்கும். நான் ஒரு பல்பு கம்பெனியில் பேக்கிங். நாள் முழுக்கக் கண்ணாடியை அட்டைக்குள் செருகுகிற வேலை. கை செருகிக்கொண்டிருக்கும், மனசு ஓடைக்கரையில் இருக்கும். அது ஒரு சுகம். மறைப்பானேன்.

அவருக்கு வேலை ஃபோர்ஜிங்கில். பழுக்கக் காய்ச்சிய இரும்பின்மேல் சம்மட்டி மிஷின் விழுந்துகொண்டே இருக்கும் இடம். காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று நான் சொன்னால், பஞ்சு வைத்தால் கூப்பிடுவது கேட்காது என்பார். கடைசியில் பஞ்சு இல்லாமலே கேட்காமல் போயிற்று. முதலில் ஒரு காது, அந்த வருஷ மழைக்காலம் முடிவதற்குள் இன்னொன்று. நரம்பு போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கம்பெனியில் ஆள் நல்லவர் என்று அங்கேயே பேக்கிங்குக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். இவர் போகவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நான் பேசினால் என் வாயைக்கூடப் பார்க்க மாட்டார். பார்த்தால் பதில் சொல்ல வேண்டிவருமே.

ஞாயிற்றுக்கிழமை கெம்பம்மா வீட்டுக்கும் போவதை நிறுத்திவிட்டார். முக்காலி மூலையில் கிடந்தது. யாரோ இங்கிலீஷ் படம் போட்டுப் பார்த்தார்கள், கதை சொல்ல ஆள் இல்லாமல் பாதியில் எழுந்து போனார்கள். அப்புறம் டெக் எடுத்தாலும் தமிழோடும் கன்னடத்தோடும் சரி.

ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது டிரங்குப் பெட்டி கயிறு போட்டுக் கட்டியிருந்தது. திங்கட்கிழமை காலை அஞ்செட்டி பஸ்ஸில் நாட்றாம்பாளையத்துக்குப் போகிறாராம். அங்கே அவர் அண்ணன் இருக்கிறார், மாடு இருக்கிறது.

"மாட்டுக்கிட்ட ஒண்ணும் கேக்க வேண்டியதில்ல, சொல்ல வேண்டியதில்ல," என்றார். "நீ இரு. உனக்கு வேல இருக்குது."

நீயும் வா என்று சொல்லவில்லை. எனக்கு அதுதான் சுருக்கென்று குத்தியது. வா என்றிருந்தால் போகிறேனோ இல்லையோ, சண்டையாவது போட்டிருப்பேன். காது கேட்காத ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? பாத்திரத்தைத் தூக்கி எறிந்தால்கூட அது எனக்குத்தான் கேட்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் முடிந்து நேரே சென்னகிருஷ்ணன் கடைக்குப் போனேன். நெட்டையன் படமாக ஒன்று எடுத்து வந்து அவரை முக்காலியில் உட்கார வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். ஆனால் எந்தப் படத்தில் தொடங்குவது? கடையில் ஒரு தட்டு முழுக்க அவன் படம்தான். எல்லா அட்டையிலும் அதே தொப்பி, அதே குதிரை.

சென்னகிருஷ்ணன் அந்தப் படங்களை எல்லாம் பெங்களூர் தியேட்டர்களில் பார்த்தவன். எதில் தொடங்க என்று ஒருவர் கேட்டதே அவனுக்குப் பண்டிகை மாதிரி இருந்தது. ரயில் வருகிற படத்தில் தொடங்கினால் நல்லது என்றான். அதில் நெட்டையனுக்குச் சின்ன வயசு, சுடுவது கண்ணுக்கே தெரியாது. கிழவனாகி வருகிற படங்களைக் கடைசியில்தான் பார்க்க வேண்டுமாம், முதலில் பார்த்தால் ஆள் சோம்பேறி என்று தோன்றிவிடுமாம். நான் அதையெல்லாம் கேட்டுவிட்டு, எனக்கு அந்தப் பசுமாட்டுப் படம் வேண்டும் என்றேன்.

எந்தப் பசுமாட்டுப் படம் என்று கேட்டான். எங்கள் கல்யாணம் ஆன புதிதில் அவர் எனக்கு முதல்முதலாகச் சொன்ன படம். ஒரு தாலியறுத்த பொம்பளையின் பசு காணாமல் போய்விடும். நெட்டையன் அதைத் தேடிக்கொண்டு மலை மலையாகப் போவான். ஆற்றங்கரையில் அது கன்று போட்டுப் படுத்திருக்கும். எழுப்பினால் பயந்துவிடும் என்று ராத்திரி முழுக்கக் குளிரில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, விடிந்ததும் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வருவான். நான் சொல்லச் சொல்ல சென்னகிருஷ்ணன் முகம் ஒரு மாதிரி ஆகிக்கொண்டே வந்தது.

"அது அவன் படத்துலயே இல்லக்கா," என்றான். "அவன் படத்துல மாடு வந்தா ஆயிரக்கணக்குல வரும். ஒத்த மாட்ட எவன் தேடுவான்?"

சரி, அது போகட்டும், துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு விதை ராகி வாங்கிக்கொண்டு போவானே, அதைக் கொடு என்றேன். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அந்த ஊரில் ராகி கிடையாதக்கா என்று மெதுவாகச் சொன்னான். நான் விடவில்லை. பள்ளிக்கூட வாத்தியாரம்மாவுக்குக் கிணறு வெட்டிக் கொடுப்பது, எதிரிக்குக் காய்ச்சல் வந்ததும் கஞ்சி வைத்துக் கொடுப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒன்றுகூட இல்லை. நெட்டையன் எந்தப் படத்திலும் கஞ்சி வைத்ததில்லை.

வெறுங்கையோடு வெளியே வந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருஷம் என் தூக்கத்தில் ஓடிய குதிரைக்கு லகான் அவர் கையில் இருந்திருக்கிறது. லைன் வீட்டு ஜனம் முழுக்க வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோமே. ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு அந்த ஆள் என்ன பாசாங்கு பண்ணியிருக்கிறார்! ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாமல்!

டீக்கடை தகரத்துக்குக் கீழே ஒதுங்கி நின்றேன். மழைத்தண்ணீர் தகர விளிம்பிலிருந்து சரம் சரமாக விழுந்தது. அதற்கு அந்தப் பக்கம் லாரியும் பஸ்ஸும் கலங்கிப்போய்த் தெரிந்தன. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றதில் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பசுவுக்குப் பக்கத்தில் குளிரில் உட்கார்ந்திருந்தது நெட்டையன் இல்லையென்றால் யார்? அதை நினைத்தவர் யாரோ அவர்தானே. நான் இத்தனை நாள் ஆசைப்பட்டது அவர்மேல்தானா என்று நினைத்ததும் எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது, இந்த வயசில்.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. காது இருந்தபோதும் அந்த மனுஷனுக்கு நெட்டையன் பேசியது ஒன்றும் புரிந்ததில்லை. கண்ணால் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். கண் இன்னும் இருக்கிறது. போனது காது இல்லை, கேட்கிற மாதிரி நடிப்பதற்கு இருந்த மறைப்பு. செவிடன் எப்படி இங்கிலீஷ் கேட்டுக் கதை சொல்வான் என்று ஊர் கேட்குமே, அந்தப் பயம்தான் மூலையில் உட்கார வைத்திருக்கிறது. நனைந்துகொண்டே கடைக்குத் திரும்பி ஓடினேன். எதைக் கொடுக்க என்று சென்னகிருஷ்ணன் கேட்டான். எதை வேண்டுமானாலும் கொடு, எதில் தொடங்கினாலும் ஒன்றுதான் என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. ரயில் படத்தைத்தான் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கெம்பம்மா வீட்டுக்குப் போனேன். வந்தார், ஆனால் கதவோரமாக உட்கார்ந்து தரையைப் பார்த்தார். படம் ஓடத் தொடங்கியது. ரயில் வந்தது, நெட்டையன் இறங்கினான், ஏதோ பேசினான். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நான் எழுந்து போய் டிவி சத்தத்தை ஒரேயடியாக அமுக்கிவிட்டேன். கதையும் இல்லை, சத்தமும் இல்லை, என்னத்தைப் பார்ப்பது என்று கெம்பம்மா முனகினாள்.

மூலையில் கிடந்த முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, அவரை எழுப்பிக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். அவர் உள்ளங்கையை எடுத்து ஸ்பீக்கர்மேல் வைத்தேன். அதிர்வு இல்லை. அது அவருக்குத் தெரியும், அதிர்விலேயே வாழ்ந்த கை. சத்தம் வைக்கிற திருகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் என் இரண்டு காதையும் பொத்திக் காட்டினேன். கெம்பம்மா ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, தன் காதையும் பொத்திக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் பொத்திக்கொண்டார்கள். அறை முழுக்கச் செவிடர்களாக உட்கார்ந்திருந்தோம். டிவியில் குதிரைகள் சத்தமில்லாமல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின.

அவர் என் வாயைப் பார்த்தார். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் பார்த்தார். நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"நெட்டையன் ஊர்ல ராகி ஏதுய்யா?"

முதலில் அவர் முகம் செத்துவிட்டது. சோற்றுப் பானையில் கை விட்டுப் பிடிபட்ட ஆள் மாதிரி என்னையே பார்த்தார். நான் கோபமாக இல்லை என்று எப்படித் தெரிந்துகொண்டாரோ, உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. "சொல்லுய்யா," என்றேன்.

டிவி பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். அவர் குரல் அவருக்கே கேட்காததால் சம்மட்டி மிஷினுக்கு மேலே பேசுகிற மாதிரி கத்தினார். கெம்பம்மா திடுக்கிட்டாள். ஆனால் கதை அதே கதைதான், எங்கள் கதை. ரயிலிலிருந்து இறங்கிய நெட்டையன் அந்த ஊருக்கு மருமகன் ஆனான். அவனைச் சுட வந்த மீசைக்காரன் அவனுடைய பங்காளி ஆனான், நிலத் தகராறு. குடத்தோடு நின்ற பெண்ணிடம் நெட்டையன் என்ன கேட்டான் என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீட்டில் யாரோ விளக்கு வைத்த மாதிரி எனக்கு இருந்தது. அழுதேன். படம் பார்த்து அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

கடைசியில் நெட்டையன் போய்விடுவான். எல்லாப் படத்திலும் போவான். வாசலில் அந்தப் பெண் நிற்பாள், இவன் திரும்பிப் பார்க்காமல் குதிரையை விட்டுக்கொண்டு மலைப் பக்கம் போவான். அந்த இடம் வந்தால் என் வீட்டுக்காரர் எப்போதும் ஒன்றுதான் சொல்வார்: வந்த வேலை முடிந்தது, போகிறான். அன்றைக்கும் அந்த இடம் வந்தது. நான் டிவியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். வீட்டில் டிரங்குப் பெட்டி கட்டியபடி இருக்கிறது. குதிரை சின்னதாகிக்கொண்டே போனது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குதிரைக்குத் தண்ணி காட்டப் போறான்," என்றார் கடைசியில். "காட்டிட்டு வந்துடுவான்."

மறுநாள் காலை அஞ்செட்டி பஸ் ஆரன் அடித்துக்கொண்டு எங்கள் லைனைத் தாண்டிப் போனது எனக்குக் கேட்டது. அவர் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது என்று நான் கை காட்டவில்லை.