ஒரு சாண் பாக்கி

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பூங்காவனம் அக்காவின் கனவு. ஞாயிற்றுக்கிழமை விடியலில் கண்டவள், காப்பிகூடக் குடிக்காமல் என்னிடம் வந்து கொட்டிவிட்டாள்.

"மாமா மணவறையில உக்காந்துகினு இருந்தாருடா. பக்கத்துல ஒரு பொண்ணு. மூஞ்சி தெரில. புடவை தெரிஞ்சிது. என் தறியில இருக்குதே, அந்த அரக்குப் புடவை."

கனவில் கல்யாணம் வந்தால் வீட்டில் சாவு விழும் என்பார்கள் எங்கள் ஆரணியில். அக்கா புருஷன் மாணிக்கவேல் மாமாவுக்கு வியாழக்கிழமை வேலூரில் இருதய ஆபரேஷன். கதைக்கு இவ்வளவு போதும். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

2

(முதலில் எழுதியது: "பட்டு நகரத்தில் ஒரு பொன்னான புலர்காலை..." தூ. அடித்துவிட்டேன்.)

கட்டுரையாகவும் தொடங்கிப் பார்த்தேன். பழைய இலக்கியத்தில் கனவு கண்டவள் அதைத் தோழியிடம் சொல்வாள். நல்லதோ கெட்டதோ, சொன்னவளுக்குப் பாரம் இறங்கிவிடும். கேட்ட தோழி அன்றைக்குச் சோறு தின்றாளா? அதை எந்தப் புலவரும்...

இருக்கட்டும். நான் தின்னவில்லை.

3

"நாளெல்லாம் கல்யாணப் புடவை நெய்யற. கனவுல கல்யாணம் வராம வேற இன்னா வரும்?" என்றேன்.

"இத்தினி வருசமா நெய்யறேன். ஒரு நாளாவது வந்துதா?" குரலைத் தாழ்த்தினாள். "மாமா காதுல போட்டுடாத. நீ கதை எழுதறவன்தான? அந்தக் கல்யாணத்த நிறுத்தி எழுதுடா."

முடிவு அ: மாப்பிள்ளை பசி தாங்காமல் பந்திக்கு எழுந்து போகிறார். ("பந்தி போட்டா கல்யாணம் முடிஞ்சா மாதிரிடா. வேணாம்.")

முடிவு ஆ: முகூர்த்தப் புடவை வந்து சேரவில்லை. பெண் மணவறைக்கு வரவேயில்லை.

இது அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. நேராகப் போய்த் தறியை நிறுத்திவிட்டாள். இன்னும் ஒரு சாண் நெய்தால் புடவை முடிந்துவிடும். முடிந்தால்தான் தறியிலிருந்து அறுத்தெடுப்பார்கள். அறுத்தெடுத்தால்தான் எவளாவது கட்டுவாள். அடக் கடவுளே, நான் எழுதியது கதைதானே.

4

இன்று வியாழன். மாமாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அக்கா வேலூரில், வெளியே பெஞ்சில். நான் இங்கே, அவள் தறிக்கு எதிரே, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

புடவைக்குச் சொல்லிவைத்த பட்டு வியாபாரி தணிகாசலம் வாசலில் நிற்கிறார்.

"நாளன்னிக்கு முகூர்த்தம் தம்பி. பொண்ணு வூட்ல பேஜார் பண்றாங்க. உனுக்குதான் நெய்ய வருமே, ஜல்தியா முடிச்சிக் குடு."

நெய்ய வரும்தான். எனக்குக் கனவில் நம்பிக்கையும் கிடையாது. யார் பெற்ற பெண்ணோ, மணவறைக்கு எதைக் கட்டிக்கொண்டு வருவாள், பாவம். தறியில் உட்கார்ந்து, குறுக்கிழை ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்தும் விட்டேன். கை நகரமாட்டேன் என்கிறது. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

5

முடிவு இ வேண்டுமா உங்களுக்கு? தணிகாசலத்தைப் போல நீங்களும் வாசலில்தான் நிற்கிறீர்கள், தெரியும். நாடா இதோ இருக்கிறது. தைரியம் இருந்தால் உள்ளே வந்து நெய்துகொள்ளுங்கள். மாமா கண் விழித்தார் என்று அக்கா போன் செய்யும்வரை நானாக ஒரு இழை, ஒரு வரி