இரண்டாவது பிரேக்

என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய காரில் இரண்டு பிரேக். ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்து சீட்டில் அவர் காலடியில் இன்னொன்று. இருபத்திரண்டு வருஷமாக அந்த இரண்டாவது பிரேக்கின் மேல்தான் அவர் கால் குடியிருக்கிறது. டிவியில் கார் வேகமாகப் போனால்கூட சோபாவில் உட்கார்ந்தபடி தரையை மிதிப்பார். நான் பால் காய்ச்சினால், பொங்குவதற்கு முன்பே ஓடிவந்து அடுப்பை அணைப்பார்.

இந்த மனிதரிடம் கார் கற்றுக்கொண்டு மூன்று முறை தேர்வில் தோற்றேன். நான் மிதிப்பதற்குள் அவர் மிதித்துவிடுவார். கார் தானாகவே நிற்கும் என்று என் கால் நம்பத் தொடங்கிவிட்டது. தேர்வில் பக்கத்து சீட்டில் அதிகாரி உட்காருவார். அவர் அந்த இரண்டாவது பிரேக்கை மிதிக்க நேர்ந்தால் நான் ஃபெயில். மூன்று முறையும் மிதித்தார். கடைசி முறை பாவம், கார் கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கிப் போனார்.

"உனக்கு வராதும்மா, விட்டுடு," என்றார் என் வீட்டுக்காரர்.

எப்படி விடுவது? ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினோரு வருஷம் ஊசி குத்தியவள் நான். நடக்க முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்கும் வேலை இப்போது கிடைத்திருந்தது. காரை அவர்கள் தருவார்கள், லைசென்ஸை நான் காட்ட வேண்டும். ஒன்றாம் தேதிக்குள் காட்டாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். அதற்கு நாலு நாள் முன்னால்தான் அடுத்த தேர்வு, இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவருக்கு பிரஷர் ஏறியது. டாக்டர் சொன்னாரென்று பத்து நாள் யோகா முகாமுக்குப் போனார். திரும்பி வந்தவர் ஆளே மாறியிருந்தார். குரல் தேனில் ஊறியிருந்தது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பார்த்துக்கொண்டே நின்றார்.

"பொங்கணும்னு இருக்கு, பொங்குது. தடுக்க நாம யாரு?"

"துடைக்கணும்னும் இருக்கு. துணி அங்க இருக்கு."

புன்னகைத்தார். துடைத்தது நான்தான். எல்லாவற்றையும் மேலே இருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டாராம். ஒப்படைத்த பிறகு துடைப்பது யார் என்று யோகா மாஸ்டர் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

மறுநாள் காரில் ஏறியதும் செருப்பைக் கழற்றினார். பெல்ட்டை மாட்டினார். இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கிப் பத்மாசனம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னங்க, பிரேக்?"

"அவர் பார்த்துப்பார். நீ ஓட்டு."

"அவர்கிட்ட லைசென்ஸ் இருக்கா?"

மூச்சை இழுத்து விட்டார்.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். கால் மணி நேரம் நல்லபடியாகப் போயிற்று. ஒரு வளைவில் திரும்பியதும் முன்னால் ஒரு லாரி நின்றது. அதன் பின்னால் இரும்புக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வழக்கம்போல் கார் நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. பக்கத்திலிருந்து "ம்ம்ம்" என்று ஒரு முனகல் வந்தது. தியானம் முற்றிவிட்டது என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

கார் நின்றது. குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருக்கும். என் காலால் நின்ற முதல் கார் அது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

"பார்த்தியா? அவர் நிறுத்திட்டார்," என்றார் கணவர். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

அதன் பிறகு தினமும் அவர் கால்களை மடக்கினார், நான் ஓட்டினேன். தேர்வில் அதிகாரியின் கால் அசையவே இல்லை. அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது, "யாரும்மா சொல்லிக்குடுத்தா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் மேலே கையைக் காட்டினார். அங்கே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்தினேன்.

"காரை நிறுத்தினதும் அவரு, பாஸ் பண்ணினதும் அவரா? அப்ப வேலைக்கும் அவரே போகட்டும். உண்மையைச் சொல்லுங்க, அன்னிக்கு அந்த லாரியைப் பார்க்கவே இல்லையா?"

பெல்ட்டைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"பார்த்தேன். மிதிக்கத்தான் போனேன். கால் வரலை."

"ஏன்?"

"மரத்துப்போச்சு. அப்படிப் பத்து நிமிஷம் உக்காந்தாலே இடுப்புக்குக் கீழ எனக்கு ஒண்ணும் தெரியாது. அன்னிக்கு முனகினேனே, அது மந்திரம் இல்லை. காலை இழுத்துப் பார்த்தேன்."

வயிறு வலிக்கச் சிரித்தேன். "தெரிஞ்சும் மறுநாள் எதுக்கு மடக்கினீங்க?"

என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மடக்கலைன்னா மிதிச்சிருப்பேன். அப்புறம் நீ எப்பதான் கத்துக்கறது?"

சிரிப்பு நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் மேல் இவ்வளவு பிரியம் எனக்கு வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்ற கோபமும் கூடவே வந்தது.

ஒன்றாம் தேதி காலை ஊசிப் பெட்டியைப் பின் சீட்டில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். வாசலில் நின்று சாந்தமாகக் கையாட்டினார். முகத்தில் அதே முகாம் புன்னகை. வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

கண்ணாடியை இறக்கினேன்.

"நான் திரும்பி வர்ற வரைக்கும் உள்ள போய்க் காலை மடக்கி உக்காருங்க."