நாலாம் வண்டியின் குரல்

"எழுது, மூணாவது," என்றார் வெர்லின். மூக்கிலிருந்து நழுவிய ஆக்ஸிஜன் குழாயை மகள் ஜோலீன் சரிசெய்தாள். "கடைசி அரை நிமிஷம் பேசினத மறுபடி கேக்க ஒரு பட்டன். பெருசா. என் விரலுக்குச் சிக்கணும்."

"மூச்சு வாங்குதுப்பா. போதும்."

"அடுத்த ரேடியோ ஸ்கேனர்ல என்ன வேணும்னு கம்பெனிக்காரனே கேட்டிருக்கான். முப்பது வருஷமா சொல்லக் காத்திருக்கேன்."

"அது கடைக்கு வர்றப்போ..." சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"நான் இருக்க மாட்டேன். வாங்குறவன் இருப்பான்ல? எழுதும்மா."

வீட்டுக் கட்டிலில் அவர் இடுப்போரம் கிடந்த ஸ்கேனர் கரகரத்தது. தீயணைப்பு, போலீஸ், சாலைப் பணி என்று ஒவ்வொரு சேனலாகத் தாவித் தாவிப் பேச்சைப் பிடிக்கும் பெட்டி. கேட்கலாம்; பதில் பேச முடியாது. காலையிலிருந்து மேற்கே மேய்ச்சல் நிலம் எரிந்துகொண்டிருந்தது. கன்சாஸின் மார்ச் மாதக் காற்று ஜன்னலை உலுக்கியது. தீயணைப்புப் படையில் சம்பளமில்லாமல் வேலை செய்யும் அவள் தம்பி வேட், நாலாம் வண்டியில் போயிருந்தான். அப்பாவுக்கு இன்றோ நாளையோ என்று நர்ஸ் சொல்லியிருந்தது அவனுக்கும் தெரியும். "போடா, அங்க ஆள் பத்தாது," என்று அனுப்பியது அப்பாதான்.

"நாலாம் வண்டி... காத்து திரும்பிடுச்சு... சுத்தி நெருப்பு... நாங்க..."

வேட்டின் குரல் முடிவதற்குள் பெட்டி அடுத்த சேனலுக்குத் தாவியது.

"வடக்கு ரோட்டுல ஜல்லி கொட்டியாச்சு. சாப்பிடப் போலாமா?" என்றது யாருடையதோ ஒரு சாவகாசக் குரல்.

"நிறுத்து! தாவாம அந்த சேனல்லயே நிறுத்து!" என்றார் வெர்லின்.

ஜோலீனின் விரல் இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை பெட்டி தீயணைப்பு சேனலில் நின்றது. வெறும் இரைச்சல்.

"நாலாம் வண்டி, பதில் சொல்லுங்க," என்றாள் கட்டுப்பாட்டு அறைப் பெண். மீண்டும் அழைத்தாள். மீண்டும். ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னும் இரைச்சல்தான் வந்தது.

"நாலாவது," என்றார் வெர்லின். உதடு மட்டும்தான் அசைந்தது. "என் புள்ள பேசுறப்போ... வேற எவன் பேச்சுக்கும் தாவக் கூடாது."

எழுதினாள். நிமிர்ந்தபோது அவர் கண்கள் பெட்டியின் மேலேயே இருந்தன. மார்பு ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு ஏறவில்லை.

அவளுக்குப் புரிந்தது. ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி, மறு கையால் ஒலியைக் கூட்டினாள். அழுதால் காது கேட்காது.

"நாலாம் வண்டி பேசுறேன்." வேட்தான். இருமினான். "எரிஞ்சு முடிஞ்ச பக்கமா ஏறிட்டோம். மூணு பேரும் நல்லா இருக்கோம். எங்கப்பா கேட்டுக்கிட்டு இருப்பாரு. அப்பா, எனக்கு ஒண்ணும் ஆகல."

சொந்தப் பேச்சு கூடாது என்று எப்போதும் அதட்டும் கட்டுப்பாட்டு அறைப் பெண், "சரி, நாலு," என்று மட்டும் சொன்னாள்.

வேட் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அறை வாசலிலேயே நின்றான். அப்பாவை முகம் வரை போர்த்தியிருந்ததைப் பார்த்தான். உள்ளே வராமல் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தான்.

"நான் சொன்னது அவருக்குக் கேட்டுச்சாக்கா?"

ஜோலீன் துண்டை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"தெளிவா இருந்துச்சுடா. ஒவ்வொரு வார்த்தையும்."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தான். தண்ணீர் கறுப்பாக இறங்கியது. மறுபடியும் சோப்பை எடுத்தான்.