பின்பக்கம் பூசிய மஞ்சள்

சுவிசுக்கு வந்த பத்மினி டொச் மொழி படிக்கத்தான் போனாள். ஓல்டனில் வகுப்பு நடந்த கட்டடத்தில், பக்கத்து அறையில் யப்பானிய மை ஓவியம் சொல்லிக்கொடுப்பதைக் கண்டு, மூன்றாம் வாரமே அங்கே மாறி உட்கார்ந்துவிட்டாள். கலியாணமாகி நாலு மாதம். இரவு வேலைக்குப் போகிறவனின் மனைவிக்கு ஏதாவது பொழுதுபோக்கு வேண்டும்தானே என்று பாலேந்திரனும் விட்டுவிட்டான்.

வகுப்பில் இரவுக் காட்சி வரையச் சொன்னபோதுதான் சிக்கல் வந்தது. அவள் அவன் வேலைசெய்யும் ரயில் நிலையத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

அவன் மத்தியானம் எழும்பித் தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் கேள்விகள். இரவு இரண்டு மணிக்குத் தண்டவாளம் என்ன நிறம்? பனியில் சிக்னல் வெளிச்சம் விழுந்தால் பச்சையா, நீலமா? எல்லாம் கறுப்பு என்று முதலில் சொன்னவன், பிறகு வேலையிடத்தில் நின்று பார்க்கத் தொடங்கினான். முழுக் கறுப்பு எங்குமே இல்லாதது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒரு கேள்விக்கு மட்டும் பிடிகொடுக்கவில்லை. அந்த இரவுக்குள் அவன் எங்கே நிற்பான்?

கலியாணம் பேசியபோது ரயில்வேயில் வேலை என்றுதான் எழுதியிருந்தான். யாழ்ப்பாணத்தில் அவளுடைய வீட்டார் அவனை ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கிவிட்டார்கள். அவன் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை படம் மேசையில் கிடந்தது. மெல்லிய தாளில் ஏழெட்டுவிதச் சாம்பல். மேடையில் ஓர் ஆள் அளவுக்கு மை படாத வெள்ளை.

"வெளிச்சத்துக்கு வெள்ளை பூசிறேல்லையாம், தாளை அப்பிடியே விடோணுமாம். இது உங்களுக்கு விட்ட இடம். நாளைக்குக் குடுக்கோணும், சொல்லுங்கோ."

"நான் மேடையில நிக்கிறேல்லை." அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நிப்பாட்டின ரயில் பெட்டியளுக்குள்ள கூட்டித் துடைக்கிறனான். ஆறு வருசமா அதுதான்."

அவள் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு நானே எழுதிறன். நீங்கள் எழுதினால் திரும்பவும் சுருக்கிப்போடுவியள்."

அவன் தலைநிமிர்ந்தான். அவளோ படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நின்ற ரயில் பெட்டிகளை எல்லாம் இருட்டாக்கிவிட்டோமே என்ற கவலை அவளுக்கு. பிறகு தாளைத் திருப்பி, ஒரு சன்னலுக்கு நேரே, பின்பக்கத்தில் மஞ்சள் பூசினாள். திரும்பப் புரட்டியபோது மைக்குள்ளிருந்து சன்னல் மங்கலாக எரிந்தது. மேடையில் இருந்த வெள்ளையைப் பனி என்று சொல்லிக்கொள்ளலாமாம்.

"வாளி என்ன நிறம்?"

"சிவப்பு."

"கைப்பிடி?"

அவன் கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு யோசித்தான்.